முதல் விடை வரும் வரை: தரவுச் செயலிகளும் இலவசச் சோதனைக் காலமும் (மாநாட்டுத் தலைமை உரை)

விற்பனை, சரக்கிருப்பு, வரவு செலவு முதலிய பதிவுகளை வாங்கிக்கொண்டு, அவற்றை அட்டவணையாகவும் வரைபடமாகவும் அறிக்கையாகவும் மாற்றித் தரும் மென்பொருளே தரவுச் செயலி. சந்தா கட்டுவதற்கு முன் பழகிப் பார்க்க, இச்செயலிகள் சில நாள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் உருவான ஸோஹோ அனலிட்டிக்ஸ் 15 நாளும், டேப்லோ 14 நாளும், பவர் பிஐ புரோ 60 நாளும் தருகின்றன. இலவசமாக நுழைந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பணம் கட்டித் தொடர்கிறார்கள் என்பதே மாற்று விகிதம்.

இம்முறையில் விற்பனையாளர் நேரில் வருவதில்லை. செயலியே தன்னை விற்றாக வேண்டும். அது நடக்கக்கூடியது என்பதற்குச் சென்னையே சான்று. வாடிக்கையாளர் சேவைச் செயலியான ஃபிரெஷ்டெஸ்க் 2010இல் அங்கே தொடங்கியது; அதன் முதல் வாடிக்கையாளரோ கடல் கடந்த ஆஸ்திரேலியாவின் ஆட்வெல் கல்லூரி. ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இப்பொருளை மலேசியாவின் பினாங்கில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே அமைத்தது முதல், உலகக் கணினிகளின் உறுப்புகள் இத்தீவில் உருவாகின்றன. ஆனால் இங்குள்ள லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் கணக்கு பெரும்பாலும் பேரேட்டிலும் எக்செல் கோப்பிலும் அடங்கிவிடுகிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, மலேசியாவின் மின்விலைப்பட்டியல் (e-invoice) முறை படிப்படியாக விரிந்தது. இதன் பயனாக, பயன்படுத்தத் தக்க தரவு சிறு வணிகரிடமும் சேர்கிறது. அதைப் படித்துச் சொல்லும் கருவிக்கு இதுவே வேளை.

அரட்டைச் செயலி திறந்த உடனே பயன் தரும். தரவுச் செயலியோ, உரியவர் தம் கணக்கை உள்ளே இடும் வரை வெறுமையாகவே இருக்கும். சோதனைக்கு வந்தவரை இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். மலேசிய வழக்கப்படி நாளை முதலில் எழுதிய தேதியை, அமெரிக்க வழக்கில் அமைந்த செயலி மாதமாக எடுத்துக்கொள்கிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்ப் பெயர்கள் யுனிகோடு திரையில் பொருளற்ற குறிகளாகச் சிதறுகின்றன. ஒரே சரக்கு ஒரு பட்டியலில் மஞ்சள் என்றும், அடுத்ததில் மலாயில் குன்யிட் என்றும், வேறொன்றில் ஆங்கிலத்தில் டர்மரிக் என்றும் இருந்தால் மூன்று சரக்காக எண்ணப்படுகிறது. விடை பிழையாக வந்தால் பயனர் தம் கோப்பையும் நம்புவதில்லை, செயலியையும் நம்புவதில்லை.

இதற்கான சீர்திருத்தங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், பதிவுப் படிவம் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்டால் போதும். இரண்டாவது, மளிகை, உணவகம், துணி எனத் தொழில்வாரியான மாதிரித் தரவு திறந்ததும் கண்ணில் பட வேண்டும். மூன்றாவது, கோப்பை ஏற்றும்போதே தேதியையும் எழுத்துக் குறியேற்றத்தையும் செயலி தானே ஊகித்து, பயனரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்ய வேண்டும். நான்காவது, வெற்றுத் திரைக்குப் பதிலாக, எந்தச் சரக்கு தேங்குகிறது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் போன்ற கேள்விகள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் காத்திருக்க வேண்டும். ஐந்தாவது வேகம். ஒரு வினாடிக்குள் வரும் விடை சிந்தனையைக் கலைக்காது. 10 வினாடி தாண்டினால் கவனம் சிதறிவிடும் என்று 1993இல் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வகுத்த எல்லை இன்றும் பொருந்துகிறது. ஐந்து பயனர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்தாலே பெரும்பாலான தடைகள் புலப்படும் என்பதும் அவர் ஆய்வின் முடிவே. அந்த ஐவரில் கடைக் கணக்கரும் இருப்பது இன்றியமையாதது.

மாற்று விகிதத்தை இறுதி நாளில் மட்டும் பார்ப்பது தாமதமான மருத்துவம். 2,000 செய்திகளைப் பரிமாறிய குழுக்கள் நிலைத்து நிற்கின்றன என்று பணிக்குழு அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் நிறுவனம் கண்டறிந்தது. தரவுச் செயலிக்கு அதற்கு இணையான மைல்கற்கள் மூன்று: சொந்தக் கோப்பு ஏறியது, முதல் அறிக்கை பிறந்தது, அந்த அறிக்கையை இரண்டாம் ஆள் ஒருவர் திறந்து பார்த்தது. எந்த மைல்கல்லில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று வாரந்தோறும் எண்ணினால் பழுது இருக்கும் இடம் தெரியும். சோதனை நாட்களைப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணாமல், சொந்தக் கோப்பு ஏறிய நாளிலிருந்து எண்ணுவதே நியாயம்.

விகிதத்தை உயர்த்தக் குறுக்கு வழிகளும் உள்ளன. கடன் அட்டை எண்ணை முன்னதாகவே வாங்கி, நாள் முடிந்ததும் சொல்லாமல் பணம் எடுத்தால் எண்ணிக்கை ஏறும், நம்பிக்கை இறங்கும். இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாப் பொறியும் ஒன்று. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளர் விவரங்களுக்குக் காவலாக நிற்கிறது. ஆகவே, காலம் முடிவதற்கு முன்னறிவிப்பும், இரண்டே சொடுக்கில் விலகும் வழியும், ஏற்றிய தரவு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் நல்ல செயலியின் பகுதிகள்.

இம்மாநாட்டின் அமர்வுகள் மேற்கொள்ள வேண்டிய பணிகள் மூன்று: மும்மொழிச் சரக்குப் பெயர்களுக்கு ஒரு பொதுப் பட்டியல், பழைய தமிழ் எழுத்துருக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் திறந்த கருவி, சிறு வணிகரோடு அமர்ந்து செய்யும் பயன்பாட்டுச் சோதனைக்கு ஒரு நடைமுறை. இவை கைகூடினால், சந்தா கட்டுவதா வேண்டாமா என்பதை வணிகர் தம் சொந்தக் கணக்கு தந்த விடையை வைத்தே முடிவு செய்வார்.