கடலுக்குத் திரும்பும் கல்



தனுஷ்கோடி போனவர்கள் அந்த இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர் அது. அடுத்த முறை போனால், கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அந்தக் கல்லில் மிளகு அளவுக் குழிகள் நெருக்கமாக இருக்கும். குழிக்குள் விசிறி மடிப்பு மாதிரி மெல்லிய வரிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. முருகைக்கல் என்பார்கள். பாடப்புத்தகம் சொல்லும் பவளப்பாறைதான் இது.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிலும் இந்தக் கல்லாலான பார் உண்டு. மீனவர் பேச்சில் 'பார்' என்றால் கடலடிப் பாறைத் திட்டு. களவாவும் விளமீனும் ஒதுங்குகிற இடம். அந்தப் பாரைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தோம். வீடு கட்டினோம், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், ஆலைகளுக்கும் விற்றோம். 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் கல் வந்துகொண்டுதான் இருந்தது. 2001-இல் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் கல் எடுப்பது ஓய்ந்தது.

அதற்குள் அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. காரணம் எளிமையானது. அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வது பார். அது போனதும் அலை நேரே மணலில் மோதுகிறது, மணல் கரைகிறது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015-இல் 2 ஹெக்டேர்கூட இல்லை.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் இங்கே பவளம் நட்டு வருகிறது. நடுவதென்றால் ஏறக்குறைய முருங்கைக் கொம்பு ஊன்றுகிற மாதிரிதான். நன்றாக இருக்கும் மான்கொம்புப் பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை ஒடிப்பார்கள். சிமெண்டுப் பலகையில் வைத்து, ஆடாமல் கட்டி, கடலடியில் இறக்குவார்கள். ஆட்டம் கண்டால் ஒட்டாது. நிலைத்துவிட்டால் சில மாதத்தில் அடிப்பகுதி சிமெண்டின்மேல் மெழுகு வழிந்தது போலப் பரவும். கொம்பு வகை வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். உருண்டைப் பவளங்களுக்கோ ஒரு சென்டிமீட்டர்தான் கணக்கு. ஒரு மதிய நேரத்தில் கடலில் பெயர்த்து நம் கொல்லையில் போட்ட உருண்டைக்கல், பாட்டன் பூட்டன் வயதுடையது.

வான் தீவுக்குத் துண்டு நடுவது போதவில்லை. 2015 முதல் துளைபோட்ட பெரிய சிமெண்டுக் கூடுகளை ஆயிரக்கணக்கில் அலை வரும் பக்கம் வரிசையாக இறக்கினார்கள். அலை தணிந்தது. மீன் குடிவந்தது. யாரும் நடாமலே பவளக் குஞ்சுகளும் வந்து ஒட்டின. கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் நீரில் மிதந்து வருபவை அவை. உட்கார அசையாத கல் ஒன்று கிடைத்தால் போதும். கடலிலிருந்து கல்லை எடுத்துக் கரையில் வீடு கட்டிய நாம், இப்போது கரையிலிருந்து சிமெண்டு கொண்டுபோய்க் கடலில் வீடு கட்டித் தருகிறோம். செலவை மட்டும் கேட்காதீர்கள்.

இதில் நான் கொஞ்சம் தயங்குகிற இடமும் உண்டு. பவளத்துக்கு நிறமும் சோறும் தருவது அதன் உடம்புக்குள் வாழும் நுண்பாசி. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளை வெளேரென்று ஆகிப் பட்டினி கிடக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். 2016 கோடையில் இந்த வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. பல வருஷமாகக் கையால் நட்டதைவிட ஒரு கோடையில் போனது அதிகம். நடுவது வீண் என்று சொல்லவில்லை. நட்டதை வைத்துக் கணக்கு முடிக்க முடியாது என்கிறேன்.

அந்த வெயில் நாட்களில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். முக்குளிப்பவர்கள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுவதற்குக் காத்திருப்பார்கள். கச்சான் வீசினால் கடல் கலங்கும், சூடு இறங்கும், பவளம் மெல்ல நிறம் திரும்பும். அதே கச்சான் கொந்தளித்தால் சிறு வள்ளக்காரர்களுக்குத் தொழில் இல்லை; படகைக் கரையேற்றிவிட்டு வலை பொத்துவார்கள். கடலுக்கு மேலே இருப்பவர்கள் வேண்டாம் என்கிற காற்றைத்தான், அடியில் இருப்பது வேண்டிக் கிடக்கிறது.