நான்கெழுத்து வால்

பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை

 

பரிசு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் கண்களில், "ஐயா எப்போ முடிப்பாரு?" என்ற கேள்வி எனக்குத் தெரிகிறது. ஆகவே நான்கே நான்கு ஆங்கில எழுத்துகளைப் பற்றி மட்டும் பேசி உட்கார்ந்துவிடுகிறேன். டி, ஐ, ஓ, என். எழுத்துக் கூட்டினால் "டியோன்" என்று வர வேண்டும். ஆனால் ஒரு சொல்லின் கடைசியில் வந்தால் இவை "ஷன்" என்று ஒலிக்கும். நீண்ட ஆங்கிலச் சொற்கள் பலவற்றிற்கு இதுதான் வால்.

இந்த வாலோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1960-களின் நடுப்பகுதி. செபராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம், பெயர் வேண்டாம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஓர் ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லுடா தம்பி" என்றார். கடிதத்தின் நடுவே பதினோரு எழுத்தில் ஒரு சொல். "டெர்" என்றேன், "மி" என்றேன். அதற்குமேல் நாக்கு புரளவில்லை. "தெரியலப்பா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பெரிய வார்த்தையா இருக்கு, நல்லதாத்தான் இருக்கும்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா போனஸ் கடிதம் என்றே நினைத்தார்.

பத்து நாள் கழித்து விவரம் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார். அந்தச் சொல் டெர்மினேஷன். தோட்டம் கைமாறுகிறது, வேலை முடிந்தது, ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது செய்தி. அந்த ஏழு நாளும் அப்பாவின் சட்டைப் பையிலேயே கழிந்துபோயிருந்தன.

பிள்ளைகளே, நீண்ட சொல் என்பது கரும்பு மாதிரி. முழுக் கரும்பை வாயில் வைத்தால் யாராலும் மெல்ல முடியாது. கணுக் கணுவாக நறுக்கினால் சின்னக் குழந்தையும் தின்னும். முதலில் வாலை நறுக்குங்கள். நம் தமிழில் "படி" என்ற வினை "படிப்பு" என்றும், "பதி" என்பது "பதிவு" என்றும் பெயராகின்றன அல்லவா? ஆங்கிலத்தில் அந்த வேலையை இந்த "ஷன்" செய்கிறது. வால் போனால் மிஞ்சுவது டெர்மினேட், அதாவது முடித்துவிடு. அதற்கும் அடியில் இருப்பது டெர்மினஸ் என்ற லத்தீன் சொல். எல்லை என்று பொருள். பஸ் டெர்மினலும் இதே குடும்பம்தான். "கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் இறங்குங்க!" அப்பாவுக்கு வந்த கடிதம் சொன்னதும் அதைத்தான்.

மலாய் மொழியிலும் இப்படி நறுக்கலாம். கெவார்காநெகாராஆன் என்று பதினைந்து எழுத்தில் ஒரு சொல். முன்னால் இருக்கும் "கெ", பின்னால் இருக்கும் "ஆன்" இரண்டையும் எடுத்துவிட்டால் வார்கா, நெகாரா மிஞ்சும். நாம் வர்க்கம், நகரம் என்று சொல்லும் அதே வடசொற்கள்தாம்! குடியுரிமை என்று பொருள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதில் பாதி முன்பே தெரியும்.

பெரியோர்களே, நம் பாட்டன் பூட்டன் கதையை இந்த வால் வைத்த சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம். முதலாவது பிளான்டேஷன், தோட்டம். 19-ஆம் நூற்றாண்டில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் எழுந்த கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். இரண்டாவது இமிகிரேஷன், குடிநுழைவு. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து வந்தது. கப்பலில் வந்தவர்களை ஜெரெஜாக் தீவில் தனியே வைத்திருந்து, நோய் இல்லையென்று கண்ட பிறகே உள்ளே விட்டார்கள்.

மூன்றாவது ரீபேட்ரியேஷன். "ரீ" என்றால் திரும்ப; "பேட்ரியா" என்றால் தந்தையர் நாடு. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேரைத் திரும்பக் கப்பல் ஏற்றினார்கள். வேலைக்கு வேண்டும் என்றபோது ஒரு சொல், வேண்டாம் என்றபோது இன்னொரு சொல். இரண்டிற்கும் வால் ஒன்றுதான்.

பிறகு ரெஜிஸ்ட்ரேஷன், பதிவு. 1948-இல் அவசரகாலம் வந்தபோது அடையாளக் கார்டும் வந்தது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, வெளியே பிறந்தவர்கள் குடியுரிமை பெற இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று பதிவு. மற்றொன்று நேச்சுரலைசேஷன், பதினான்கு எழுத்து! நறுக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது நேச்சர், இயற்கை. இந்த மண்ணிலேயே இயல்பாய் முளைத்தவன்போல் ஆக்கிக்கொள்வது என்று பொருள். "பாரம் பெரிசா இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரண்டு வாசலையும் தாண்டாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். 1968-இல் ரெஸ்டிரிக்‌ஷன், அதாவது கட்டுப்பாடு என்ற சொல்லோடு ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. பலர் மூட்டை கட்டினார்கள்.

இன்னொரு சொல் ஃபிராக்மென்டேஷன், துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீடும் வேலையும் சேர்ந்தே போயின. அப்பாவின் கடிதத்திற்கும் காரணம் அதுதான். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான்.

இப்போது தோட்டத்து அன்பர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டிய ஒரு சொல். காம்பென்சேஷன், நட்டஈடு. லத்தீனில் இதன் அடிப்பொருள் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்து நிறுப்பது. தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் உங்கள் உழைப்பு, மறுதட்டில் பணம். தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஆட்குறைப்பில் வேலை போனால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்கும் தொழிலாளிக்கு இரண்டாண்டுக்கு உட்பட்ட சேவை என்றால் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டதென்றால் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். தட்டு சரியாக நிற்கிறதா என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. படிக்காமல் பையில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

கடைசிச் சொல் எஜுகேஷன், கல்வி. லத்தீன் மூலத்தில் இதற்கு வளர்த்தெடுத்தல் என்று பொருள். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கில் கொண்டு, 2016-இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-இல் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி எழுந்த கொட்டகைப் பள்ளிகளில் படித்தவர்கள்தாம் உங்கள் தாத்தாக்கள்.

மாணவர்களே, ஒரு சின்ன விளையாட்டு. ஆங்கில உயிரெழுத்துகள் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என ஐந்து. இன்று நான் சொன்ன வால் சொற்களையெல்லாம் வீட்டில் எழுதிப் பாருங்கள். ஐந்து உயிரும் ஒன்றாகக் குடியிருப்பது ஒரே ஒரு சொல்லில்தான். எஜுகேஷன். அவற்றில் எழுத்துக் குறைந்த சொல்லும் அதுதான்!

வேலை போன மாதமே அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய அகராதி வாங்கி வந்தார். தினமும் ராத்திரி விளக்கடியில், "இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லுடா தம்பி" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த மேடைவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பெற்றோர்களே, உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் ஒரு சொல் கேளுங்கள். பிள்ளை தேடிப் படித்துச் சொல்லும்.

பரிசு பெறும் செல்வங்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் செல்வங்களுக்கும் என் வாழ்த்துகள்.