திரும்ப மறுக்கும் ஹப்

(நானுஓயாவில் தோட்டச் சாரதிகள், கிளீனர்கள், அவர்களது குடும்பத்தார் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கெப் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் பின்னால் இருக்கும் தாய்மார் சிலர், "இது எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பது காதில் விழுகிறது. ராத்திரியில் பிரசவ வலி வந்தாலும், பிள்ளைக்கு இழுப்பு வந்தாலும், லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவது பல தோட்டங்களில் அந்தக் கெப்பில்தான். அதனால் நீங்களும் கேளுங்கள்.

எங்களுக்கே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு ஜூலை மாதம், விடாத மழை. வலி வந்த தாய் ஒருவரை ஏற்றிக்கொண்டு கீழ் லயத்திலிருந்து புறப்பட்டோம். முடக்கில் பின் டயர்கள் சேற்றில் சுற்றின. இறங்கி முன் டயர்களின் ஹப்பை லொக்குக்குத் திருப்பப் போனால், இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் அசையவில்லை. அவசரத்தில் பிளையர் போட்டு முறுக்கினோம். பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. பிறகென்ன, அந்தத் தாயைக் கம்பளியில் வைத்து நாலு பேர் பெரிய ரோட்டு வரை தூக்கினார்கள். தாயும் பிள்ளையும் சுகம். எங்களுக்குத்தான் இன்னும் வெட்கம்.

ஒரு பக்கம் லொக் ஆனால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. முன் டிபரன்ஷல், தடையில்லாத பக்கத்துக்கே சுற்றை அனுப்பிவிடும். பூட்டாத பக்கத்து அக்சல் சும்மா சுற்றும், பூட்டிய டயர் பேசாமல் நிற்கும்.

ஹப்புக்குள்ளே பல் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. லொக்கில் அது நகர்ந்து அக்சலையும் வீலையும் கோர்க்கும், ப்ரீயில் விலகிவிடும். அவ்வளவுதான் சங்கதி. அமெரிக்காவில் வோர்ன் என்பவர் 1948இல் தொடங்கிய கம்பெனி, யுத்தத்தில் ஓடிய ஜீப்புகளுக்கு இப்படியான ஹப்புகளைச் செய்து விற்றது. தார் ரோட்டில் முன் அக்சல் வீணாகச் சுற்றக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. புதிய கெப்புகள் பலவற்றில் இந்தப் பிடியே கிடையாது. பழைய வண்டிகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

பிடி இறுகினால் முதலில் பலத்தைக் காட்டாதீர்கள். பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நிற்கலாம். வண்டியை ஓரடி முன்னே பின்னே அசைத்துவிட்டுக் கையாலேயே திருப்புங்கள். ப்ரீக்கு வர மறுத்தால், லீவரை டூ-வீலுக்குப் போட்டு, சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடுபடும். பாதியில் மட்டும் நிறுத்தாதீர்கள். பல் அரைபட்டுப் போகும்.

அப்படியும் இறுக்கமென்றால் வியாதி உள்ளே. நானுஓயா 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தைமாதக் குளிரில் பழைய கிறீஸ் மெழுகு மாதிரி கட்டிவிடும். இன்னொன்று தண்ணீர். மலை இறங்கிச் சுடச்சுட வந்த வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவுகிறோமே, அப்போது சூடான ஹப் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஆறின பிறகு கழுவினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கழற்றுவது பெரிய வித்தையில்லை. சுற்றியுள்ள சின்னப் போல்ட்டுகளை எடுத்தால் மூடி வரும். எந்தத் துண்டு எந்த வரிசையில் வந்ததோ, அந்த வரிசையில் துணியில் வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகக் காயவிட்டு, பற்களில் மெல்லிசாகக் கிறீஸ் தடவுங்கள். வாஞ்சையில் அள்ளி அடைத்தால் வளையம் நகராது. நாங்கள் பார்த்த பாதி ஹப்புகளுக்கு அதுதான் வியாதி. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பெயாரிங் நட்டில் கை வைக்காதீர்கள், அது கராஜ் வேலை.

மாதம் ஒருமுறை இரண்டு ஹப்பையும் லொக்கில் போட்டு, லீவரை டூ-வீலிலேயே விட்டு, டவுனுக்குப் போய் வாருங்கள். முன் அக்சலிலும் எண்ணெய் ஏறும். தார் ரோட்டிலும் பயமில்லை. வைகாசி மழைக்கு முன் கட்டாயம் ஒரு தடவை செய்யுங்கள்.

மேசையில் பழைய ஹப் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறோம். தாய்மாரும் வாருங்கள், கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கிறீஸ் துடைக்கச் சாக்குத்துண்டு இந்தப் பக்கம் இருக்கிறது.