தாழ்ந்த காரும் தக்க ஸ்பிரிங்கும்



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். "சார், பெரியவன் சேர்த்து வச்ச காசையெல்லாம் கொண்டு போய் ஏதோ கோயில் ஓவர் வாங்கப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றார். கோயில் திருப்பணிக்குக் கொடுக்கப் போகிறானோ என்றுதான் முதலில் நினைத்தேன். பையன் வந்து விளக்கிய பிறகே புரிந்தது. அவன் சொன்னது காயில்ஓவர். ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காரின் உறுப்பு அது.

அவனிடம் இருப்பது பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. கார். 1990களின் கடைசியில் வந்தது. அதன் பின்னால் ஒரு கதை உண்டு. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2017இல் அது கைமாறிவிட்டது என்றாலும், சத்ரியாவின் ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் பதப்படுத்தியவர்கள் லோட்டஸ் பொறியியலாளர்களே. பந்தயக் கார்களில் பெயர் பெற்ற அந்த நிறுவனத்தார், வேகமான கார் என்றால் ஸ்பிரிங் கல்லைப் போல் இருக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் அல்லர். ஸ்பிரிங் கொஞ்சம் இளகியிருக்கட்டும், அதை அடக்குவதை அப்சோர்பர் நன்றாகச் செய்யட்டும் என்பதே அவர்களது வழக்கம். நம் இளைஞர்கள் வாங்கியவுடன் கழற்றி எறிவது இந்த உழைப்பைத்தான். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஸ்பிரிங்கின் வேலை என்ன? 1678இல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் ஒரு விதியை வெளியிட்டார். பாரம் இரு மடங்கானால் ஸ்பிரிங் அமுங்குவதும் இரு மடங்காகும். ஆகவே ஒரு ஸ்பிரிங்கைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. அந்த எண்தான் அதன் கடினம். உயரமும் நிறமும் அப்புறம்.

பையன் வாங்க எண்ணியிருந்தது பழைய சாமான் கடையில் கிடைத்த காயில்ஓவர். அதன் முன் ஸ்பிரிங்கில் 8 என்று அச்சிட்டிருந்தது. மில்லிமீட்டருக்கு 8 கிலோ என்று பொருள். சாதாரணமாக ஓட்டும் சிறிய காருக்கு இரண்டு அல்லது மூன்று கிலோ போதும். ஒரு முன்சக்கரத்தின் மேல் 250 கிலோ அமர்ந்திருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோ ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். எட்டுக் கிலோ ஸ்பிரிங் 31 மில்லிமீட்டர்தான் அமுங்கும். சாலையில் பள்ளம் வந்து சக்கரம் கீழே இறங்க வேண்டுமானால், முதல் ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் வரை சக்கரத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டே இருக்கும். இரண்டாவது 31 மில்லிமீட்டரோடு கைவிட்டுவிடும். தரையில் படாத சக்கரத்தைக் கொண்டு பிரேக் பிடிக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. செப்பாங் பந்தயத் தடத்தைப் போல் வழவழப்பான பாதையில் எட்டுக் கிலோ நன்மை செய்யும். தோட்டத்துச் செம்மண் பாதையில் அது எதிரி.

அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள தார்ச்சாலைகளையும் எண்ணிப் பாருங்கள். மூடா வயல்வெளியின் இளகிய களிமண் மேல் போட்ட சாலைகள் மெல்ல மெல்ல அமிழ்கின்றன. வாய்க்கால்களின் மேலுள்ள பாலங்களோ ஆழ ஊன்றிய தூண்களின் மேல் நிற்பதால் அவ்வளவாக அமிழ்வதில்லை. அதனால்தான் பாலத்தின் இரு முனையிலும் ஒரு திடீர் மேடு. பாட்டியை மாதம் ஒரு முறை அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் இதே காரில், இதே பாலங்களின் மேல்தான்.

மலிவான வழி ஒன்றும் உண்டு. ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிட்டால் கார் தாழ்ந்துவிடும் என்பார்கள். வேலை செய்யும் சுற்று ஆறு இருந்ததை ஐந்தாக்கினால் ஸ்பிரிங் 20 விழுக்காடு கடினமாகும். சுற்று குறையக் குறையக் கடினம் கூடும். கம்பியின் கனம் இதைவிடப் பெரிய வேலை செய்யும். மற்றவை மாறாமல் 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனாலே கடினம் ஏறத்தாழ 38 விழுக்காடு கூடிவிடும். ஆகவே கண்ணால் பார்த்து ஒரு ஸ்பிரிங்கை இன்னொன்றைப் போல என்று சொல்வது தவறு.

வெட்டியதன் கணக்கைப் பார்ப்போம். பின்சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ ஸ்பிரிங். தடுப்பு ரப்பரில் இடிக்கும் வரை 80 மில்லிமீட்டர் இடம். காரை 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது 30. குடும்பத்தார் பின்னால் ஏறி, சாமானும் ஏறி, ஒவ்வொரு பின்சக்கரத்திலும் 80 கிலோ கூடினால்? வெட்டிய ஸ்பிரிங்கின் கடினம் 2.4 என்று வைத்தாலும் 33 மில்லிமீட்டர் இறங்கும். இருப்பது 30. கார் புறப்படுமுன்பே ரப்பரின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடும் நேராக முதுகெலும்பில் வந்து இடிக்கும்.

வேறொரு தோட்டத்துப் பையனுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையில் கேஸ் தீயால் ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுத்தார்கள். தீ பட்ட இரும்பின் பதம் போய்விடும். ஸ்பிரிங்கும் குட்டையாகிவிட்டதால், வாய்க்கால் பாலத்தின் மேட்டில் கார் துள்ளிச் சக்கரம் தொங்கியபோது அது இருப்பிடத்தை விட்டு நழுவிவிட்டது. கார் வயலில் இறங்கியது. தோள் எலும்பு முறிந்ததோடு தப்பினான்.

ஸ்பிரிங்கை மாற்றினால் அப்சோர்பரையும் நினைக்க வேண்டும். ஸ்பிரிங் ஆடும், அப்சோர்பர் ஆட்டத்தை நிறுத்தும். காரின் ஒரு மூலையைக் கையால் அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழுந்து நின்றால் நலம். மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் அப்சோர்பர் ஓய்ந்துவிட்டது. கடினமான ஸ்பிரிங்குக்குப் பழைய அப்சோர்பர் போதாது.

காயில்ஓவரே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை மட்டும் திருகி இறக்கலாம். இறக்க இறக்க அப்சோர்பர் அமுங்கும் இடம் குறையும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளரவும் கூடும். மற்றதில் அடிப்பகுதியே திருகும், அதனால் அப்சோர்பரின் இடம் அப்படியே இருக்கும். இரண்டாவது விலை கூடுதல், ஆனால் வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். மரைகளில் செம்மண் ஏறித் துருப்பிடித்தால் பிறகு திருகவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றி அமைப்பது குற்றமாகக்கூடும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ பந்தயத்துல ஓட்டுறவங்க மட்டும் ஏன் சார் கடினமா போடுறாங்க?" என்றான். நல்ல கேள்வி. நம் நாட்டுக் கரம்ஜிட் சிங் 2002இல் உலக ராலி போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் வெற்றி வீரரானார், அதுவும் புரோட்டோன் காரில். கற்பாதை ராலிக்குப் போகும் கார்களைப் படத்தில் பார் தம்பி, அவை உயர்ந்துதான் நிற்கும், சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம் இருக்கும் என்றேன். பாதைக்கு ஏற்ற ஸ்பிரிங். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடைசியில் காயில்ஓவரை விட்டுவிட்டு, நான்கு புதிய அப்சோர்பர்களும், 20 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தும், சற்றே கடினமான ஸ்பிரிங்குகளும் வாங்கினான். மாட்டியபின் சக்கரங்களின் கோணத்தையும் சரிபார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டியை முன்னாலும் மற்றவர்களைப் பின்னாலும் உட்கார வைத்து, என் பள்ளி அளவுகோலைக் கேட்டு வாங்கி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தான். கணக்கில் 33 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அளவுகோலில் 35 வந்தது. "ரெண்டு மில்லிமீட்டர் எங்க சார் போச்சு?" என்று கேட்டான். பாட்டியின் மடியில் இருந்த பலாப்பழத்தை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை.