தோட்டத்திற்கும் ஒரு கணக்குக் கொப்பி
(யாழ்ப்பாணக் குடாநாட்டு வெங்காயச் செய்கையாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உங்களுள் அநேகருக்குப் பங்குக் கிணறு உண்டு. இன்ன நாளில் இன்னாருக்கு இறைப்பு முறை என்பதை ஒருவரும் மறப்பதில்லை. முறை தவறி ஒருவர் இயந்திரத்தை இயக்கினால் அயலார் பொறுத்திருப்பதுமில்லை. நீரைப் பாட்டன் காலந்தொட்டு ஒரு முறைக்குள் வைத்துக் காத்து வருகின்ற நீங்கள், அந்நீரினால் விளைந்த பணத்தை மட்டும் யாதொரு முறையுமின்றி விட்டுவிடுவது ஏன்?

வெங்காயம் விற்ற பணம் மடிக்கு வருகின்றது. அதே மடியிலிருந்து பசளைக் கடன், பிள்ளையின் படிப்புச் செலவு, கோயில் உபயம், கலியாண வீட்டுச் செலவு யாவும் போகின்றன. அடுத்த நடுகைக்கு விதை வாங்கப் புறப்படும்போது மடி வெறுமையாயிருக்கின்றது. பின்னர் வீட்டு நகை அடகுக்குப் போகின்றது. அல்லது வியாபாரியிடம் விதையைக் கடனாகப் பெற்று, விளைவை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரிடுகின்றது. விளைச்சல் குறைந்த வருடத்தில் மட்டுமன்றி, நன்றாக விளைந்த வருடத்திலும் இது நிகழ்வதைக் காண்கின்றோம். ஆதலால் நோய் பயிரில் மாத்திரம் இல்லை என்பது தெளிவு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் இலக்கங்கள் கணக்கு விளங்குவதற்காகவே தரப்படுகின்றன. எந்தச் சந்தையின் விலையும் அன்று. ஒருவர் 4 பரப்பில் சின்ன வெங்காயம் நட்டு, 1,600 கிலோகிராம் விளைவைக் கிலோ 150 ரூபாவாக விற்று 240,000 ரூபா பெறுகின்றார். பசளை, கிருமிநாசினி, மண்ணெண்ணெய், பிறத்தியார் கூலி ஆகியவற்றுக்கு அவர் கையாற் கொடுத்தது 110,000 ரூபா. எனவே 130,000 ரூபா இலாபம் என்று மகிழ்கின்றார்.

அவர் எழுதாது விட்டவை எவை? வீட்டு முகட்டிற் பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயம். அதனைச் சந்தையில் விற்றிருந்தால் 45,000 ரூபா கிடைத்திருக்கும். கணவனும் மனைவியுமாகத் தோட்டத்தில் நின்ற 30 நாள். நாளொன்றுக்கு 2,000 ரூபாவாக 60,000 ரூபா. 60,000 ரூபாவுக்கு வாங்கிய இறைப்பு இயந்திரம் 5 வருடம் உழைக்கும், வருடத்தில் 3 பயிருக்கு இறைக்கும் என்றால், இப்பயிருக்குரிய தேய்மானம் 4,000 ரூபா. இவை யாவும் கூட 109,000 ரூபாவாகின்றன. தொழில் ஈட்டிய உண்மையான மிச்சம் 21,000 ரூபா மட்டுமே.

இதைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. 130,000 ரூபாவும் கையில் இருக்கத்தான் செய்கின்றது. ஆயின் அதில் உழைப்புக் கூலி 60,000 ரூபாவும் மிச்சம் 21,000 ரூபாவும், ஆக 81,000 ரூபாவே வீட்டுக்கு உரியது. விதைக்கான 45,000 ரூபாவும் இயந்திரத்துக்கான 4,000 ரூபாவும் தோட்டத்துக்கு உரியவை. இந்த 49,000 ரூபாவை வீட்டார் உண்டுவிடுவதனாலேயே நகை அடகுக்குப் போகின்றது. விற்ற அன்றே அத்தொகையைப் பிரித்துத் தனியான வங்கிக் கணக்கில் இட்டுவிடுக. வங்கி தூரமெனின் பூட்டுள்ள தகரப் பெட்டியேனும் போதும். திறப்பு செலவாளியிடம் இருத்தலாகாது.

வீட்டார் உழைப்புக்கு விலையிடுவது வீண் வேலை என்பாரும் உளர். எமது திணைக்களம் வெளியிடும் பயிர்ச்செய்கைச் செலவு அறிக்கைகளிற்கூட, சொந்த உழைப்பையும் சொந்தப் பொருள்களையும் சேர்த்து ஒரு தொகையும் சேர்க்காது ஒரு தொகையும் காட்டப்படுகின்றன. இரண்டும் வேண்டும். களை பிடுங்கப் பிறர் வீட்டுப் பெண்ணுக்கு என்ன கூலி கொடுப்பீர்களோ அதனையே உங்கள் மனைவியின் நாளுக்கும் எழுதுக. அவர் உழைப்பை விட்டுவிட்ட கொப்பி பொய்க் கணக்குக் கொப்பியே.

இனி, கொப்பியை எழுதும் விதம். ஓர் அப்பியாசக் கொப்பி போதும். ஒவ்வொரு தோட்டத் துண்டுக்கும் தனிப் பக்கங்கள் ஒதுக்குக; கிணற்றடித் துண்டையும் பனையடித் துண்டையும் ஒன்றாக எழுதினால் எது உழைத்தது, எது தின்றது என்பது விளங்காது. திகதி, செய்த வேலை, இட்ட பொருள், அதன் அளவு, கொடுத்த பணம், நின்றவர் யார் என்பன வரிசையாக வருதல் வேண்டும். கடனுக்கு வாங்கியதையும் வாங்கிய அன்றே எழுதுக. பணங்கொடுக்கும் நாள்வரை காத்திருந்தால் அது மறந்துபோகும். எழுதுபவர் ஒருவராகவே இருத்தல் நன்று. பெரும்பாலும் இல்லத்தரசியே இதனைச் செவ்வனே செய்வார்.

அளவை எழுதுக என்றேன். பணத்தை மட்டும் எழுதினால் ஆகாதோ என்று கேட்பீர்கள். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு பயிருக்கு 20 இறைப்பு, இறைப்புக்கு 4 இலீற்றர் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், 6,960 ரூபாச் செலவு இனி 27,200 ரூபாவாகும் என்பதை நடுகைக்கு முன்னரே அவர் அறிந்திருப்பார். அதிகமாகும் 20,240 ரூபா, மேலே கண்ட மிச்சத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். நடுவதா, பரப்பைக் குறைப்பதா, மின்சார இயந்திரத்துக்கு மாறுவதா என்று தீர்மானிக்க அவருக்கு ஆதாரம் இருந்தது. பணத்தை மட்டும் எழுதியவருக்குப் பழைய தொகை ஒன்றையும் உணர்த்தாது.

விற்பனையிலும் அவ்வாறே. நமது உதாரணத்தில் மொத்தச் செலவு 219,000 ரூபா. கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 137 ரூபா. 150 ரூபா விலை நல்ல விலையாகத் தோன்றுகின்றது. ஆனால் 100 கிலோவுக்கு 10 கிலோ கழிவு கேட்கும் வியாபாரியிடம் கொடுத்தால் 1,440 கிலோவுக்கே பணம் வரும். அது 216,000 ரூபா. 3,000 ரூபா நட்டம்! கழிவில்லாமல் 140 ரூபா தருபவர் இவரிலும் மேலானவர். தராசடியில் நின்று இதனை மனக்கணக்காகச் செய்தல் எளிதன்று. கிலோவுக்கு விழுந்த செலவைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டு செல்க.

கிழமைக்கு ஒரு நாள், வெள்ளி மாலையோ ஞாயிறு காலையோ, வீட்டார் கூடியிருந்து அரைமணி நேரம் கொப்பியைப் படித்தல் வேண்டும். அடுத்த கிழமைக்குரிய வேலை எது, அதற்கு ஆள் யார், பொருள் கையில் உண்டா என்பவற்றை அப்போதே பேசித் தீர்த்துக்கொள்க. மேலுரமிட வேண்டிய நாளில் பசளை தேடிக் கடைக்கு ஓடும் அலைச்சல் இதனாற் பெரிதும் குறையும். அறுவடை முடிந்ததும் நடுகைக்கு முன் எழுதிய மதிப்பீட்டையும் நடந்த செலவையும் அருகருகே வைத்துப் பார்க்க. எங்கே பிசகியது என்பது விளங்காவிடின், கொப்பியுடன் உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் காண்க. கொப்பியின்றி வந்து, “இம்முறை ஒன்றும் மிஞ்சவில்லை ஐயா” என்று சொல்பவருக்கு அவர் கூறக்கூடியது சொற்பமே.

பயிர் பாதியில் நிற்கின்றது, அடுத்த போகத்திற் பார்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை. தொடங்கும் நாளில் முதற்பக்கத்தில் இவற்றை எழுதுக: முகட்டில் தொங்கும் விதையின் நிறை, மீதியாயுள்ள பசளையும் மருந்தும், கலனில் உள்ள எண்ணெய், கையிலும் வங்கியிலும் உள்ள பணம், கொடுக்க வேண்டிய கடன், வரவேண்டிய கடன். விதையை இறக்கும் நாளில் மறுபடி நிறுத்து எழுதுக. காய்ந்தும் அழுகியும் குறைந்த நிறை எவ்வளவு என்பது அப்போது தெரியவரும்.