உப்புப் பாலையில் இரண்டு நாள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாலை என்றதும் நமக்குப் பிரிவே நினைவில் எழும். பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடக்கும் நிலம் அது. பொருள் தேடியே மும்பைக்கு வந்த நம்முள் செம்பூரையும் மாட்டுங்காவையும் சேர்ந்த மூன்று குடும்பத்தார், இவ்வாண்டுக் குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையில், பொழுதுபோக்கின் பொருட்டு அத்தகைய நிலமொன்றைக் காணச் சென்றோம்.

மும்பையிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வடக்கே, குஜராத்தில் சிறிய ரண் உள்ளது. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் பரவி ஏரிபோற் கிடக்கும். பின்னர் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். 1973 முதல் அது காட்டுக்கழுதைகளின் சரணாலயம். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குஜராத்தில் அவை 7,672 எனக் கண்டனர்.

வனத்துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்று, வழிகாட்டி ஒருவருடன் இரண்டு ஜீப்புகளில் புகுந்தோம். பழைய சக்கரத் தடத்தை விட்டு விலகலாகாது என்று அவர் எச்சரித்தார். வெளியோ கண்ணுக்கெட்டிய வரை சமதளம். எங்கள் ஆசையால் இரண்டாம் வண்டி தடம் விலகியது. மேலே உலர்ந்த உப்புப் படலம், அடியிலோ சேறு. வண்டி அச்சளவு புதைந்தது. டயர்களின் காற்றைக் குறைத்தோம், சேற்றை வாரினோம், முன் வண்டியில் கட்டி இழுத்த கயிறும் அறுந்தது. கொண்டுசென்ற நீர் தீர்ந்தது. குழந்தைகள் அழத் தொடங்கினர்.

அப்போது உப்பளத் தொழிலாளி ஒருவர் தம் மகனுடன் பலகைகளும் சாக்குகளும் சுமந்து வந்தார். அகரியா எனப்படும் இம்மக்கள் ஆண்டில் ஏறக்குறைய எட்டுத் திங்கள் அங்கேயே குடிசையிட்டு, நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் காயவைத்து உப்பு விளைவிப்பவர்கள். குடிநீர் லாரியில் வந்தால்தான் உண்டு. அவர் வண்டியை மீட்டதோடு, தம் குடத்து நீரையும் குழந்தைகளுக்கு வார்த்தார். பணம் நீட்டினோம், கைகூப்பி மறுத்தார்.

அன்றிரவு சரணாலய எல்லைக்கு வெளியே, ஊரோரம் கூடாரமிட்டோம். வானமெங்கும் விண்மீன்கள், எனினும் உறக்கம் வரவில்லை. உப்பு வண்டிகளுடன் நெடுவழி சென்ற உமணர், இடர் நேருமென்று எண்ணிச் சேம அச்சு கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் காட்டுகிறார். எங்களிடம் சேமச் சக்கரம் இருந்தது; அந்த முன்னறிவு இல்லை. நாம் விளையாடச் சென்ற நிலம் பிறருக்குப் பிழைப்பு நிலம் என்பதையும் மறந்திருந்தோம்.

தோல் பதனிடும் தொழில் தேடித் தாராவிக்கு வந்த நம் முன்னோரும் ஒரு குடம் நீரின் அருமை அறிந்தவர்களே. இனி அவ்விடம் செல்லும் அன்பர்கள் தடம் விலகாது செல்க. தமக்கு வேண்டிய நீருக்கு மேல் இரண்டு குடம் நன்னீர் ஏற்றிச் செல்க. அதை அங்குள்ள குடிசையொன்றில் இறக்கிவிட்டுத் திரும்புக.