பத்து நிமிடம் பொறுக்கணும்



மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்கிறீர்கள். துப்புரவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதும் என் வேலைதான்.

ரத்தம் சிந்தினால் கை உடனே மாப்புக்குத்தான் போகும். அது அழுக்கைப் பரப்பிவிடும். கையுறை போட்டு, கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்து, துணியால் மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றி, 10 நிமிடம் பொறுக்கணும். 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்கணும்.

"சும்மா நின்னா சூப்பர்வைசர் திட்டுவாரே சார்" என்றார் ஓர் அம்மா. நியாயம்தானே! அடுத்த வகுப்பில் சூப்பர்வைசர்களையும் உட்கார வைத்தேன்.

ஹெபடைடிஸ்-பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடச் சொல்கின்றன 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். இங்கே மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்கள், காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் மூன்று ஊசியும் போட்டாச்சா என்று நாளைக்கே பதிவேட்டைப் பாருங்கள்.